ஐந்து லீற்றரில் ஐந்து நாள்



2022 ஆகஸ்ட் மாதம் அது. முச்சக்கர வண்டி ஒன்றுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் பெற்றோல்தான் என்று அளவு வைத்திருந்தார்கள். கைத்தொலைபேசியில் உள்ள கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் அந்த ஐந்து லீற்றர் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. அந்த மாத நடுப்பகுதியில் பாடசாலைகள் மீண்டும் வாரத்தில் ஐந்து நாளும் நடக்கத் தொடங்கின. மூன்று பிள்ளைகளைக் கண்டி நகரத்துப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். ஐந்து லீற்றரில் ஐந்து நாளையும் ஓட்டி முடித்தால்தான் அந்தப் பெற்றோர் எனக்கு முழுக் கூலி தருவார்கள். முழுக் கூலி வந்தால்தான் லீசிங் தவணை கட்டலாம். என் மகளின் டியூசன் காசு கொடுக்கலாம்.

முதல் வாரம் புதன்கிழமையே தாங்கி வற்றிவிட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வண்டி இருமி இருமி நின்றது. வீதியோரம் தள்ளி நிறுத்திவிட்டு அழுதேன் என்று சொன்னால் அது பொய்யல்ல. அழுது முடிந்த பிறகுதான் கணக்குப் பார்க்கத் தோன்றியது. அந்தக் கணக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

எரிபொருளும் நாமும்

எனது பெற்றோர் மலையகத்தவர்கள். 1977 வன்செயலின் பின்னர் எத்தனையோ மலையகக் குடும்பங்களைப் போல அவர்களும் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சிப் பக்கம். 2009 இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, கைக்குழந்தையுடன் வெளியே வந்தபோது எனக்கென்று இருந்த ஒரே வாசல் பெரியம்மாவின் வாசல். அவர் பேராதனைக்கு அப்பால், கலஹா வீதியில், ஹிந்தகலைக்கு மேலே இருக்கிறார். அன்று வந்தவள் இன்றும் இங்கேதான்.

வடக்கில் வாழ்ந்த சகோதரிகளுக்கு எரிபொருள் தட்டுப்பாடு பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் மருந்து போல அளக்கப்பட்டது. சிறு குப்பியில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது பெற்றோல் வந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டபோது மீண்டும் மண்ணெண்ணெய்ப் புகைதான்.

கண்டிக்கு வந்த பின் அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். 2018 இல் லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தேன். அந்த ஆண்டு மே மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 117 ரூபாவிலிருந்து 137 ரூபாவுக்கு ஏறியபோது, "இதென்ன அநியாயம்!" என்று தரிப்பிடத்தில் எல்லோரும் சத்தம் போட்டோம். அதைவிடப் பெரிய அநியாயம் வரக் காத்திருந்தது.

ஆறு மாதத்தில் ஏறிய படிகள்

எமது நாட்டில் எண்ணெய்க் கிணறு இல்லை. மசகு எண்ணெயும் சரி, சுத்திகரித்த பெற்றோலும் சரி, டொலர் கொடுத்தே வாங்க வேண்டும். 2022 இல் நாட்டிடம் டொலர் இல்லாமற் போயிற்று. ரூபாவின் பெறுமதியும் சரிந்தது. ஆண்டு தொடங்கும்போது 177 ரூபாவாக இருந்த பெற்றோல், மார்ச் மாதம் 254 ஆனது. ஏப்ரல் 19 இல் 338. மே 24 இல் 420. ஜூன் 26 இல் 470.

ஏப்ரல் 19 ஆம் திகதி, கண்டிக்குப் புகையிரதம் ஏறிவரும் பாதையில் உள்ள ரம்புக்கனையில், விலையேற்றத்தை எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முந்திய மாதம் கண்டியில் எரிபொருள் வரிசையில் நின்ற ஒரு முதியவர் விழுந்து இறந்தார். யுத்தம் பார்த்த எமக்கு இந்தச் செய்திகள் எந்த இடத்தில் குத்தும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தேயிலைத் தோட்டத்தில் அப்போது ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா. ஜூன் மாத விலையில் இரண்டு லீற்றர் பெற்றோல் 940 ரூபா. நான் ஏற்றும் பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் கொழுந்து பறிப்பவர். அவரிடம் போய், "அக்கா, விலை ஏறிப்போச்சு, கூலியைக் கூட்டித் தாங்க" என்று எத்தனை தடவை கேட்க முடியும்? பிள்ளையைப் பாடசாலையால் நிறுத்திவிடுவாரோ என்ற பயம் எனக்கு அவரைவிட அதிகமாக இருந்தது.

நான் செய்த முட்டாள்தனம்

விலை 338 ஆன அந்த ஏப்ரலில் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எமது வீட்டிலிருந்து பேராதனைப் பக்கம் இறங்குவது பெரும்பாலும் பள்ளம். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் வண்டி தானாக உருளும். ஒரு சொட்டுப் பெற்றோலும் போகாது. இரண்டு கிழமை அப்படியே ஓடினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் என் மகள் இருந்தாள். மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் போனது, வண்டி நிற்கவில்லை. மீண்டும் மிதித்தேன். எஞ்சின் நின்றிருந்ததால் கியரைப் போடவும் கை தடுமாறியது. மகள் "அம்மா!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. மலைப்பக்கத்து மண் திட்டில் வண்டியைச் சாய்த்து உரசவிட்டேன். வண்டி கானுக்குள் இறங்கி நின்றது. மறுபக்கம் பள்ளம். ஒரு கணம் பிந்தியிருந்தால் இதை எழுதுவதற்கு நான் இருந்திருக்கமாட்டேன்.

எமக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் முன்பக்கம் நெளிந்தது. அதைத் தட்டி நிமிர்த்தக் கொடுத்த காசு, இரண்டு கிழமை மிச்சம் பிடித்த பெற்றோல் காசைப்போல் பல மடங்கு.

பாஸ் சொன்ன பாடம்

கெட்டம்பேப் பக்கம் சிறிய கராஜ் வைத்திருக்கும் வயதான பாஸ் ஒருவரிடம்தான் வண்டியைக் கொண்டுபோனேன். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிரேக் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த லைனிங் கருகிப் பளபளத்தது.

"நங்கி, கியர்ல இறங்கினா எஞ்சின் வண்டியப் பிடிக்கும். நியூட்ரல்ல போட்டா யாரு பிடிக்கிறது? பிரேக் மட்டும்தான். அதுவும் சூடாகினா பிடிக்காது" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். பள்ளத்தில் வண்டியைக் கியரில் வைத்து, அக்சிலேற்றரை முழுவதும் விட்டுவிட்டு இறங்கும்போது, சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. புதிய இன்ஜெக்சன் எஞ்சின்களில் அந்த வேளை பெற்றோல் போவதே நின்றுவிடும். என்னுடையது போன்ற கார்பரேற்றர் எஞ்சினில் கொஞ்சம் போகும். அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் மகளின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். எந்தக் கியரில் ஒரு ஏற்றத்தை ஏறுவோமோ, ஏறக்குறைய அதே கியரில்தான் அந்த இறக்கத்தை இறங்க வேண்டும். மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி இது.

கொப்பிக் கணக்கு

இனி ஆகஸ்ட் மாதக் கதைக்கு வருகிறேன். புதன்கிழமை வண்டி நின்ற அன்று இரவு மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்தேன். வண்டியின் மீற்றர் காட்டிய தூரத்தையும் அடித்த பெற்றோலையும் எழுதினேன். லீற்றருக்கு 22 கிலோமீற்றர் ஓடியிருந்தது. ஐந்து லீற்றருக்கு 110 கிலோமீற்றர்.

வீட்டிலிருந்து பாடசாலை 12 கிலோமீற்றர். காலையில் போய் வீடு திரும்பி, மதியம் மீண்டும் போய் வந்தால் நாளுக்கு 48 கிலோமீற்றர். இரண்டு நாளில் 96. மூன்றாம் நாள் காலை போய்ச் சேர்ந்தால் 108. ஆக, புதன்கிழமை வண்டி நின்றதில் வியப்பே இல்லை. அது கொப்பியில் முன்கூட்டியே எழுதப்படக்கூடிய விடயம். நான்தான் எழுதிப் பார்க்கவில்லை.

அந்த 48 இல் பாதியை நான் வெறும் வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தேன். காலையில் வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்து, மதியம் வெறும் வண்டியோடு நகரத்துக்குப் போனேன். ஏன்? சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்ற பழக்கம்தான்.

இரண்டாவது வாரம் நகரத்திலேயே தங்கினேன். உள்வீதி ஒன்றில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தன் வளவில் வண்டியை நிறுத்த இடம் தந்தார். மதியம் வரை அவருக்கு ஓரம் தைத்துக் கொடுத்தேன், பொத்தான் கட்டினேன். அதற்கும் ஒரு சிறு கூலி கிடைத்தது. சமையலை விடியற்காலையிலேயே முடித்தேன். இப்போது நாளுக்கு 24 கிலோமீற்றர்; ஐந்து நாளுக்கு 120. ஆனால் பெற்றோல் 110 க்குத்தான். வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மதியம் திரும்பி வர முடியவில்லை. பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி நானும் கூடவே வந்தேன்.

இன்னும் பத்து கிலோமீற்றர்தான் குறைவு. அதைக் காலிலிருந்தும் கையிலிருந்தும் எடுக்கவேண்டியிருந்தது.

அந்தப் பத்து கிலோமீற்றர் எங்கே இருந்தது?

மீண்டும் பாஸிடம் போனேன். இந்தத் தடவை என் ஓட்டத்தையே பார்க்கச் சொன்னேன். என்னைப் பக்கத்து வீதியில் ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவர் பிடித்த பிழைகள் இவை:

முதலாவது, சோக். எமது பக்கம் விடியற்காலை குளிர். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அதை முழுவதும் தள்ள மறந்து கிலோமீற்றர் கணக்கில் ஓடியிருக்கிறேன். சோக் இழுத்தபடி இருக்கும் எஞ்சின் தேவைக்கு மேல் பெற்றோல் குடிக்கும்.

இரண்டாவது, ரயர். மூன்று ரயரிலும் காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த ரயர் வீதியோடு ஒட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுக்கும். கிழமைக்கு ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிரேக். ஓடி நின்றதும் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு அடித்தது. பிரேக் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டிருந்தது. நான் பிரேக் போட்டபடியே ஏற்றம் ஏறியிருக்கிறேன்!

நான்காவது, காற்று வடிகட்டி. தூசி அடைத்த வடிகட்டியால் எஞ்சினுக்கு மூச்சுமுட்டும்.

ஐந்தாவது, என் கை. முன்னால் பஸ் நிற்கிறது என்று தெரிந்தும் அக்சிலேற்றரை முறுக்கிப் போய், கிட்டப் போனதும் பிரேக் பிடிப்பேன். பெற்றோலை எரித்து எடுத்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கி வீணாக்குவதுதான் அது. தூரத்திலேயே கையைத் தளர்த்தினால், பல வேளை பிரேக்கே தேவைப்படுவதில்லை. ஏற்றத்திலும் அப்படித்தான். எஞ்சின் திணறி உதறும்வரை மேல் கியரில் இழுப்பதும் பிழை. கீழ்க் கியரில் போட்டு அலறவிடுவதும் பிழை.

ஆறாவது, நேரம். கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. நகரத்துக்குள் வரும் வீதிகள் சில. வரும் வாகனமோ பல. காலை ஏழு மணிக்குப் பேராதனை வீதியில் மாட்டினால் நின்று நின்று போக வேண்டும். நிற்கும் வண்டியில் எரியும் பெற்றோலுக்குத் தூரம் எதுவும் கிடைக்காது. அந்தப் புகையும் மலைகளைத் தாண்டிப் போகாமல் எமது பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. அரை மணி நேரம் முந்திப் புறப்பட்டேன். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவேண்டிய இடத்தில் எஞ்சினை நிறுத்தினேன். (சமதரையில் நிற்கும்போது மட்டும், இறக்கத்தில் அல்ல!)

மூன்றாவது வாரம் கொப்பி லீற்றருக்கு 26 கிலோமீற்றர் என்று காட்டியது. ஐந்து லீற்றருக்கு 130. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பிள்ளைகளையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். தாங்கியில் இன்னும் பத்து கிலோமீற்றர் மிச்சமிருந்தது. அன்று நான் பட்ட சந்தோசம் எந்தத் தீபாவளிக்கும் பட்டதில்லை.

காசுக் கணக்கும் சொல்கிறேன். அப்போது லீற்றர் 450 ரூபா. ஓட்டும் முறையைத் திருத்தியதால் வாரத்துக்கு மிச்சமானது ஏறக்குறைய 377 ரூபா. வெறும் ஓட்டத்தை நிறுத்தியதால் மிச்சமானது இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். ஆகவே, முதலில் திருத்தவேண்டியது ஓடத் தேவையில்லாத ஓட்டத்தை. அதன் பிறகுதான் ஓடும் விதம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சகோதரிகளே, வறுமை எம்மை எந்தக் குறுக்கு வழிக்கும் தள்ளும். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பள்ளத்தில் நியூட்ரலில் இறங்காதீர்கள். கணவர், மகன், தம்பி யார் ஓட்டினாலும் தடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோலைப் போத்தலிலும் கானிலும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது நிலத்தோடு பரவிப் போகும். லயன் அறைகளில் அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். 2022 ஜூனில் பெற்றோல் 470 ஆக இருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபாதான். வன்னியில் ஓட்டிய அனுபவம் எனக்கும் கையைக் குறுகுறுக்க வைத்தது. ஆனால் அது வேறு வழியில்லாத காலம். பிளக் கரி பிடிக்கும். எஞ்சின் ஒயில் நீர்த்துப்போகும். எஞ்சின் போனால் தவணை மட்டும் நிற்காது. (அந்த ஆகஸ்டிலேயே மண்ணெண்ணெயும் 340 ரூபாவானது.)

பிரேக், ரயர், விளக்கு ஆகியவற்றின் திருத்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி எடுக்கப்போகும் சகோதரிக்கு

வாழ்வாதாரத்துக்கு வண்டி எடுக்க நினைக்கும் சகோதரிகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். லீசிங் காகிதத்தில் கையொப்பம் இடுமுன் ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், அதில் ஆள் ஏறியிருக்கும் தூரம் எவ்வளவு, இன்றைய விலையில் பெற்றோல் செலவு எவ்வளவு. பிறகு பெற்றோல் விலையை ஒன்றரை மடங்காக்கி மீண்டும் கணக்குப் பாருங்கள். அப்போதும் தவணை கட்ட முடியுமானால் எடுங்கள். முடியாதென்றால் வேறு தொழில் பாருங்கள். தவணை சொல்பவர் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுத் தரமாட்டார்.

வண்டி இல்லாத சகோதரிகளும் இதில் உண்டு. கிளினிக்குக்கு நான்கு வீட்டார் நான்கு ஓட்டோ பிடிப்பதைவிட, நாளைப் பேசிக்கொண்டு மூவராக ஒரே ஓட்டோவில் போகலாம். எங்கள் பக்கம் பேராதனை வைத்தியசாலைக்கு இப்போது அப்படித்தான் போகிறார்கள். எனக்கு ஹயர் குறையுமே என்று முதலில் மனம் சுருங்கியது. ஆனால் காசில்லாமல் கிளினிக்கைத் தவறவிட்டவர்கள் இப்போது தவறாமல் வருகிறார்கள்.

அந்த கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பர் 1 முதல் நிறுத்தப்பட்டது. நான் கொப்பியை நிறுத்தவில்லை. விலை ஏறுவதும் இறங்குவதும் எம் கையில் இல்லை. எங்கோ ஒரு கடலில் கப்பல் நின்றாலும் கலஹா வீதியில் என் வண்டிக்கு அது தெரியும். கொப்பி மட்டும் என் கையில் இருக்கிறது.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். வண்டி ஓட்டப் பழகித் தரும்படி கேட்கிறாள். ஸ்டார்ட் செய்ய முன், அந்த மூன்றாவது வளைவுக்கு அவளை நடத்திக் கூட்டிப்போனேன். "எந்தக் கியரில் இறங்குவாய்?" என்று கேட்டேன். "ஏறுற கியரில், அம்மா" என்றாள். சாவியைக் கொடுத்தேன்.